பெட்டை முயலுக்குப் பத்தியம்

பரளச்சி லிங்கம்மாள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடலாம். மழை ஏமாற்றிய வருஷத்தில், இரண்டு பெட்டை முயல்களிடமிருந்து இருபத்தாறு குட்டிகள். பெற்றதைத் தின்னும் பெட்டையை வளர்ப்பவள் என்ற ஊர்ப் பழி. பஞ்சாயத்து மெம்பர் சண்முகவேலின் ஓயாத வாய்.

1974 தை மாதம் முயல் வளர்க்கும் திட்டம் ஊருக்கு வந்தது. ஒரு ஆண், இரண்டு பெட்டை என்று ஒரு கூடு மெம்பருக்குப் போனது. பட்டியலில் ஒரு பெண்பிள்ளையாவது இருக்க வேண்டுமென்று மேலிடத்து உத்தரவு. அதனால் இன்னொரு கூடு லிங்கம்மாளுக்கு. ஆறு மாதத்தில் குட்டி காட்டாவிட்டால் கூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அவள் பேருக்கென்று வீட்டில் அதுவரை ஒரு கோழிகூட இருந்ததில்லை. அந்தக் கூட்டை விடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மாசியில் முதல் பெட்டை ஐந்து குட்டி போட்டது. ஊர் வழக்கப்படி பிரசவம் பார்த்தாள் லிங்கம்மாள். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாதென்று சட்டியை எடுத்துவிட்டு, சுக்குப்பொடி தூவி வறுத்த கம்பு வைத்தாள். மூன்றாம் நாள் கூட்டில் இரண்டு குட்டிக் கால்கள் மட்டும் கிடந்தன. தாகம் தாங்காமல் தாயே தின்றிருந்தது.

"பெத்ததத் திங்கிற சனியன வீட்டுல வச்சிருக்கியேத்தா," என்று வாசலில் நின்று சிரித்தார் சண்முகவேல். "எங்கிட்டத் தள்ளிவிடு. புண்ணாக்கு வச்சுப் பழக்குறேன்."

"உங்க பெட்டைக எத்தனை போட்டுச்சு, மெம்பரே?"

"அதுக பெரிய எடத்துப் பெட்டைக. அவசரப்படாதுக."

கடலைப் புண்ணாக்கு தின்று அந்தப் பெரிய எடத்துப் பெட்டைகள் தலையணை மாதிரி ஊதியிருந்தன. எங்கே சினை பிடிக்கும்? போதாததற்கு அவர் ஆணைத் தூக்கிப் பெட்டையின் கூட்டில் விட்டார். அது தன் இடத்துக்கு வந்தவனைக் கடித்து விரட்டியது. மாப்பிள்ளைக்குக் காதில் பாதி போனது.

லிங்கம்மாள் அன்றே தண்ணீர் வைத்துப் பார்த்தாள். பெட்டை தலை நிமிராமல் ஒரு சட்டியைக் காலி செய்தது. அதற்குமேல் யாரிடமும் அவள் யோசனை கேட்கவில்லை. சும்மா இருக்கும் பெட்டைக்கு ஒரு பிடி கம்பும் அருகம்புல்லும். பால் கொடுக்கும் பெட்டைக்கு வயிறு நிறையத் தீனி, வற்றாத தண்ணீர்ச் சட்டி. இணை சேர்க்கப் பெட்டையைத்தான் ஆணின் கூட்டுக்குத் தூக்கிப் போனாள். அன்றிலிருந்து நாளுக்கொரு கரிக்கோடு சுவரில். இருபத்தெட்டாம் கோட்டில் குட்டி போடத் தேங்காய் நார் போட்ட பெட்டி கூட்டுக்குள்ளே போகும். குட்டிக்கு ஆறு வாரமானதும் பிரித்துவிட்டு, மறுபடி ஆணிடம்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி திட்டத்து ஆபீசர் குட்டிக் கணக்கெடுக்க வந்தார். மெம்பர் வீட்டில் சாப்பிட்ட கையோடு லிங்கம்மாளின் இருபத்தாறு குட்டியையும் மெம்பர் பேரில் எழுதத் தொடங்கினார். லிங்கம்மாள் குட்டிக் கூடையோடு போய் நின்றாள்.

"மெம்பரே, பெட்டி எத்தனாவது நாள் வைக்கணும்?"

"பெட்டியா? முயலு என்ன ஊருக்கா போகுது?"

"இருபத்தெட்டாம் நாளு."

ஆபீசர் தன் அச்சடித்த தாளைத் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்த்தார். இருபத்தெட்டுதான். மெம்பர் அப்புறம் வெற்றிலைக்குக்கூட வாய் திறக்கவில்லை.

"சரிம்மா, ஒன் பேருலயே எழுதலாம். ஆனா கைநாட்டு செல்லாது, கையெழுத்து வேணும். ஒன் வீட்டுக்காரர் சென்னய்யா பேருல போட்டுருவோமா?"

"குட்டி போட்டது எம் பெட்டைக. அவுகளா போட்டாக? திங்கக்கெழம ஆபீசுக்கு வாரேன்."

"அன்னைக்கும் கையெழுத்துப் போடலேன்னா?"

"கூட்டத் தூக்கிட்டுப் போங்க."

சனியும் ஞாயிறும் அக்காள் பாலாமணி வீட்டு முற்றத்து மணலில் எழுதிப் பழக உட்கார்ந்தாள். அக்காள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். லிங்கம்மாளின் பேருக்கு ஆறே எழுத்துதான், 'ங்' மட்டும் சொன்னபடி கேட்காமல் ஞாயிறு சாயங்காலம்வரை மல்லுக்கு நின்றது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திருச்சுழி போய் இறங்கினாள். ஆபீசர் பழக்க தோஷத்தில் மைப்பெட்டியை நகர்த்தினார். அதை அவர் பக்கமே தள்ளிவிட்டு, பேனாவை வாங்கி, லிங்கம்மாள் என்று முழுசாக எழுதி, பக்கத்திலேயே தேதியும் போட்டாள்: 12-8-1974.