அருவிக்குப் போன பூவாத்தாள்

எங்கள் அண்ணி பூவாத்தாளை யாராவது வாயில்லாப் பூச்சி என்று சொன்னால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். ராசிபுரத்தில் அண்ணன் கந்தவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இருபது வருடமாக ராட்டை முன்னால் உட்கார்ந்து அவருக்கும் எனக்கும் நெய்கிற நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தவள். இரண்டு தறிக்கு அவள் ஒருத்திதான். நடுவில் அடுப்பையும் பார்த்துக்கொள்வாள்.

தறிக்காரர்கள் நாங்கள் ஒன்பது பேர் ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை ஏறி, இரண்டு நாள் தங்கி, ஆகாச கங்கை அருவியில் குளித்துவிட்டு வருவோம். பெண்டுகளைக் கூட்டிப் போவதில்லை. யார் வைத்த சட்டமோ, யாரும் கேட்டதில்லை. அண்ணி மட்டும் ஒவ்வொரு ஆடிக்கும், "அந்தத் தண்ணி எப்படி விழுகுதுன்னு ஒருக்கா என் கண்ணால பாத்துப்போடோணும் தம்பி," என்பாள். நான் ஈ என்று இளித்துவிட்டு நழுவிவிடுவேன்.

1936இல் எங்களுக்குச் சமைக்கிற நாச்சிமுத்துவுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. சோற்றுக்கு ஆளில்லாமல் மலையேற ஒருவருக்கும் தைரியமில்லை. கூட்டத்துக்குப் பெரியவர் சரவணமுத்து மாமா, "பூவாத்தாளு வரட்டும். ஆனா அருவிக்கு வேண்டாம். சட்டிபானையக் கொரங்கு தூக்கிட்டுப் போயிரும், காவலுக்கு இருக்கட்டும்," என்றார். அண்ணன் தலையாட்டினார். வெட்கமில்லாமல் நானும் ஆட்டினேன். அண்ணி, "ஆகட்டுமுங்க" என்றாள்.

அந்த வருடம் மாமா புதிதாக ஒரு கூடாரம் தயார் செய்தார். தறியில் அறுத்த துணியை அப்படியே எடுத்து மூட்டித் தைத்தது. பாவு நூல் விறைக்கப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருந்தது. "அலசிப்போட்டுக் கொண்டு வாங்க மாமா," என்று அண்ணி மூன்று தரம் சொன்னாள். மாமாவா கேட்பார்? "அலசினாத் துணி தொங்கிப் போயிரும். நம்ம துணி மொடமொடன்னு நிக்கோணும். மலைக்காரங்க பாத்து அசந்து போவோணுமில்ல!"

சேந்தமங்கலம் வரை மாட்டுவண்டி. அப்புறம் நடை. குழித்தறியில் உட்கார்ந்தே பழகிய எங்கள் கால்கள் பாதி ஏற்றத்திலேயே பின்னிக்கொண்டன. அண்ணி தலையில் அரிசி மூட்டையோடு முன்னால் போனாள்.

கூடாரம் மொடமொடவென்றுதான் நின்றது, சாயங்காலம் மழை பிடிக்கும் வரை. துணி நனைந்ததும் கஞ்சி கரைந்து சொட்டுச் சொட்டாக எங்கள் தலையில் விழுந்தது. மாமாவின் மீசை ஒட்டிக்கொண்டது. அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனார்.

விடிந்ததும் துணியைப் புதர் மேல் காயப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடைக்குப் போனோம். அண்ணியும் குடத்தோடு வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் மூன்று மலைமாடுகள் கூடாரத்தை நக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று கால்வாசியை மென்றே விட்டது. ஐயோ என்று அலறிக்கொண்டு மாமா ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். மாடும் விடவில்லை. டர்ரென்று கிழிந்து, மாமா மல்லாக்க விழுந்தார்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டவர், ஒன்றும் நடக்காததுபோல, "சரி சரி, நேரமாச்சு. பூவாத்தாளு, மிச்சத்தைப் பத்திரமாப் பாத்துக்க. நாங்க குளிச்சிட்டு வாரோம்," என்றார்.

அண்ணி குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"மூணு தரம் சொன்னனுங்களா இல்லீங்களா? காதுல வாங்கினீங்களா? மாட்டுக்குத் தீனி கொண்டாந்தது நீங்க. காவலும் நீங்களே இருங்க மாமா. நான் அருவிக்குப் போறேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிவிட்டாள். மாமா கிழிந்த துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். பாதை வழுக்குமே என்று நான்தான் பின்னால் ஓடினேன்.

அருவியைக் கண்டதும் அண்ணி "அடியாத்தீ!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே அன்றைக்குத்தான். சேலையோடு தண்ணீருக்குள் போய் நின்றாள், சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். மற்றவர்கள் வந்து, குளித்து, ஏறிப் போய்விட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்தும் அவள் நகரவில்லை.

எனக்கோ வயிறு கூவியது. "அண்ணி, போலாமுங்க. எல்லாரும் பசியோட இருப்பாங்க," என்றேன்.

"நீ போய் ஆக்கிச் சாப்புடு சாமி," என்றாள் திரும்பாமலே. "எனக்கு இன்னக்கிப் பசியே இல்ல."

போகாமல் பாறையில் உட்கார்ந்துகொண்டேன்.