மனோ சாரின் ஃபிளெக்ஸ்

மனோ சார் போய்விட்டாராம். காலையில் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். மாரடைப்பு.

'எத்தனையோ பேர் வாழ்க்கையில் விளக்கேற்றியவர்' என்று வரிசையாக எழுதுகிறார்கள். எழுதட்டும்... எனக்குக் கை வரவில்லை.

கோவை காந்திபுரத்தில் குரூப் டிஸ்கஷனுக்குக் கோச்சிங் நடத்தியவர். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி அவரிடம் போனேன். அதுவரை ஓயாமல் வாயாடுகிற பெண் நான்.

முதல் நாளே சொன்னார். "உங்க குரல் சன்னமுங்க அம்மணி. நடுவுல பேசினா எடுபடாது. கடைசில சம்மரி மட்டும் சொல்லுங்க. அது வரைக்கும் வாயே தொறக்கப்படாதுங்க."

நம்பினேன். தினமும் வாயை மூடி உட்கார்ந்து பழகினேன்.

கம்பெனி வந்தது. குரூப் டிஸ்கஷனில் எங்கள் டேபிளில் அவரிடம் படித்த பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசினார்கள். 'விட்டுக்கொடுக்காதே' என்பது அவர்களுக்கான கோச்சிங்.

அதே டேபிளில் இருந்த என் தோழி ரஹ்மத் உக்கடத்துக்காரி. எந்தக் கோச்சிங்குக்கும் போகாதவள். கத்திக்கொண்டிருந்த ஒருவனை நிறுத்தி, "நீ சொன்னது எனக்குப் புரியல, இன்னொருக்கா சொல்லு" என்றாள். அதற்கப்புறம்தான் அங்கே பேச்சு என்று ஒன்று நடந்தது.

நான் சம்மரிக்காகக் காத்திருந்தேன்... திடீரென்று "போதும், தேங்க்யூ" என்று முடித்துவிட்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தேன்.

ரஹ்மத் செலக்ட் ஆனாள்.

சாரிடம் போய் அழுதேன். "டைம் முடியறது தெரிய வேண்டாமுங்களா?" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் சென்டர் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ். 'எங்கள் வெற்றி மாணவி' என்று ரஹ்மத் போட்டோ!

அவளைக் கூட்டிக்கொண்டு நேராகப் போனேன்.

"நான் எப்ப சார் உங்ககிட்டப் படிச்சேன்?" என்று கேட்டாள்.

"உங்க ஃபிரண்டு படிச்சாங்கல்லங்க? உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று என்னைக் கை காட்டினார்.

என்னை!

ரஹ்மத் உள்ளேயிருந்து ஒரு சேரை இழுத்துப் போட்டு ஏறினாள். பிளேடால் தன் முகத்தை மட்டும் ஃபிளெக்ஸிலிருந்து வெட்டி எடுத்தாள்.

சார் அசரவே இல்லை. "பாத்துங்க அம்மணி, உழுந்துறாதீங்க" என்றார். அவ்வளவு மரியாதை!

முகம் இருந்த இடத்தில் ஓட்டையோடு அந்த ஃபிளெக்ஸ் மாசக்கணக்கில் தொங்கியது. அதைப் பார்த்தும் ஆட்கள் சேர்ந்தார்கள்.

அடுத்தடுத்த இன்டர்வியூக்களிலும் எனக்கு வாய் வரவில்லை. வேலை கிடைக்க வெகுநாள் ஆயிற்று.

சாயங்காலம் எடுக்கிறார்களாம்.

நான் வரலீங்க சார். போங்க.