எண்ணக் கூடாத பத்துப் பேர்

ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்குப் பதினொரு மாடி. ஏழாவதில் நான். எதிர்வீட்டில் ஹசிடியம் என்ற பக்தி மரபைச் சேர்ந்த யூதப் பெரியவர் ஒருவர். சோவியத் காலத்தில் ஒளித்து ஒளித்து வேதம் சொல்லிக்கொடுத்தவர். இங்கே வந்து முப்பத்துநாலு வருடம். இடுப்பு முறிந்து வீட்டோடு கிடப்பது பதினேழு மாதம். இப்போதும் அவரிடம் புத்தி கேட்க ஆட்கள் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பாட்டும் சிரிப்பும் தாங்காது. இரண்டு தரம் முறையிட்டேன். இரண்டு தரமும் கேக் தந்து அனுப்பினார்.

போன மாசியில் அவருடைய தகப்பனின் திவசம். தகப்பன் சிறைமுகாமில் செத்தவர். அவருக்கான மன்றாட்டைச் சொல்லப் பொழுதுபட முதல் பத்து யூத ஆண்கள் கூடவேண்டும். ஒருவர் குறைந்தாலும் சொல்ல ஏலாது. அன்று பார்த்துப் பனி கொட்டியது.

நான் அவர் வீட்டு வாசலில் நின்று வந்தவர்களை விரல் நீட்டி எண்ணினேன். தாடிக்காரர் ஒருவர் என் விரலை மடக்கினார்.

"அங்கிள், ஆக்களை எண்ணக் கூடாது, கண்படும்! 'ஒன்றில்லை, இரண்டில்லை' எண்டு சொல்லுங்கோ."

சின்ன வயதில் தம்பி தங்கைகளை எண்ணி நானும் அடி வாங்கியவன். "எட்டில்லை, ஒன்பதில்லை" என்றேன். பெரியவரையும் சேர்த்து அதோடு நின்றுவிட்டது. பத்தாமவர் மிசிசாகாப் பக்கம் பனியில் மாட்டுப்பட்டிருந்தார். பொழுதுபட இருபத்தொரு நிமிடம்.

"நீர் யூதராய்ப் பிறந்திருக்கலாம்," என்று பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கை மட்டும் மேசைவிரிப்பைத் தடவியபடியே இருந்தது.

மூன்றாம் மாடியில் அவருடைய ஊர் யூதர் ஒருவர் இருக்கிறார். கடவுள் இல்லை என்பவர். அதில் வந்த சண்டையால் இருவருக்கும் பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. என்னைச் செஸ்ஸில் இருநூற்றுப் பதினான்கு தரம் வென்றவர். அறுபத்துநாலு படி இறங்கி ஓடினேன்.

"எனக்குக் கடவுள் இல்லை, தெரியுந்தானே?"

"உம்மை ஆர் நம்பச் சொன்னது? வந்து சும்மா நில்லும்."

"கிழவன் சொல்லி விட்டவனோ?"

"இல்லை. தகப்பன்ரை திவசம். ஓராள் குறையுது."

அடுப்பை நிறுத்தினார். சமையல் ஏப்ரனோடேயே வந்தார்.

பெரியவர் மூக்கை உறிஞ்சினார். "சூப் மணக்குது."

"உனக்கில்லை."

யாரோ மூன்றாம் மாடிக்காரர் தலையில் வழிபாட்டுத் தொப்பி ஒன்றை வைத்தார்கள். கழற்றவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பத்தில்லை," என்றேன்.

பெரியவர் சொல்லி முடித்தபோது நாலு நிமிடம் மிச்சமிருந்தது. உடனே இருவரும் பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைச் சத்தம் இரட்டிப்பு. மூன்றாந்தரமும் முறையிடப் போனேன். கதவைத் திறந்தவர் மூன்றாம் மாடிக்காரர், கையில் கேக்.