கந்தளாய் பஸ்ஸில் என் வாயைப் பொத்திய கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, இலங்கையில், திருகோணமலையிலிருந்து கந்தளாய் போகும் பஸ்ஸில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அப்போது மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வலது கண்ணில் மின்னல் மின்னலாக வெட்டி, கறுப்புப் புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. விழித்திரை கிழிந்திருக்கலாம், தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்றார் தீவு டாக்டர். என்னோடு வேலை பார்த்த தோழிக்குக் கந்தளாய்தான் ஊர். லீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், "என்னோட வாங்கோ, திருகோணமலையில நல்ல கண் டொக்டர் இருக்கிறார்" என்று கையோடு அழைத்துப்போய்விட்டாள்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய அன்று பார்த்து அவள் குழந்தைக்குக் காய்ச்சல். "நான் என்ன பச்சைக் குழந்தையா? ஒரே பஸ்தானே, போயிட்டு வந்துடறேன்" என்று தனியாகக் கிளம்பினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குரல் அதைவிட நீளம். வகுப்பில் கத்திக் கத்தியே பழகி, நான் ரகசியம் பேசினால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்.

துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது அந்த கிளினிக். டாக்டர் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டுப் பார்த்தார். கிழிசல் இருக்கிறது, நாளைக் காலையே லேசர் செய்துவிடலாம் என்றார். வெளியே வந்தபோது நர்ஸ், "ஆரும் கூட வரேல்லையோ? ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டும் வடிவாத் தெரியாதே" என்று பதறினார். சமாளித்துக்கொள்வேன் என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, வாசற்படியே தெரியவில்லை. ஏற்கெனவே எனக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. மருந்தும் சேர்ந்துகொள்ள, உலகமே கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. கிளினிக் காவலாளிதான் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, "கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு, கந்தளாயில பார்த்து இறக்கிவிடுங்கோ" என்று கண்டக்டரிடம் ஒப்படைத்தார்.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். தேங்காய் எண்ணெய் வாசனை. சிங்களத்தில் ஏதோ கேட்டார். "தமிழ்" என்றேன். லேசாகச் சிரித்து என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

சீனன்குடா தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை குறைந்தது. பஸ்ஸில் போட்டிருந்த பாட்டு காதைப் பிளந்தது. பின்னால் யாரோ தேங்காய் விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் மங்க மங்க, ஜன்னலுக்கு வெளியே வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது.

திடீரென்று பாட்டு நின்றது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து நின்றது. என்ஜினும் அணைந்தது. உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கையும் யாரோ அணைத்தார்கள்.

என்னைப் பயமுறுத்தியது அதுவல்ல. ஐம்பது அறுபது பேர் இருந்த பஸ்ஸில் ஒரே நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு இருமல் இல்லை. சற்றுமுன் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையின் சத்தமும் இல்லை. எல்லாரும் இறங்கிப் போய், நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. அந்நிய நாடு, கண்ணும் தெரியவில்லை. இந்த நாட்டைப் பற்றிப் பேப்பரில் படித்த பழைய கதைகளெல்லாம் தலைக்குள் ஓடின.

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? "என்னாச்சு? ஏன்..." என்று ஆரம்பித்தேன்.

ஒரு கை என் வாயை இறுகப் பொத்தியது. இன்னொரு கை என் தலையைப் பிடித்துத் தோளோடு அழுத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், என்னைக் கொல்லப்போகிறார்கள் என்றே நினைத்தேன். திமிறினேன். முடியவில்லை. அந்தக் கையைப் பலம்கொண்ட மட்டும் கடித்தேன். என் நாக்கில் இரத்தம் உப்புக் கரித்தது. அந்தக் கை வலியில் துடித்தது. ஆனால் விலகவில்லை. கைக்கு உரியவரிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அப்போதுதான் என் காதருகே, ஜன்னலுக்கு வெளியே, யாரோ மூச்சு விட்டார்கள். மனித மூச்சு அவ்வளவு நீளம் இருக்காது. ஈரச் சேறும் மென்ற புல்லும் சேர்ந்த வாடை முகத்தில் அடித்தது. பஸ்ஸின் தகரத்தை ஏதோ சொரசொரவென்று தேய்த்துக்கொண்டே போனது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்தது. முன்னாலிருந்து டிரைவரின் குரல் மட்டும் கேட்டது. வீட்டுப் பெரியவரிடம் கெஞ்சுவதுபோல, "வழி விடுங்கோ ஐயா. பிள்ளை குட்டியளோட போறம். போங்கோ, மெல்லப் போங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்துக் காட்டில் கிளைகள் முறியும் சத்தம் கேட்டு, அதுவும் தூரமாகிப் போனது. என்ஜின் உறுமியது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். வாயிலிருந்து கை விலகியது.

"பயந்திட்டீங்களோ அக்கா? பெரியவர் வந்தவர்" என்றார் கண்டக்டர்.

"யாரு? யானையா?" என்று கத்தினேன். பஸ் முழுவதும் "உஷ்" என்றது. அந்தக் காட்டுப்பாதையில் போகும்போது அதன் பெயரைச் சொன்னால் திரும்பி வருமாம். யாரும் சொல்ல மாட்டார்களாம்.

"போன மாசம் இந்த இடத்திலதான் ஒரு வான் வண்டியைப் பிரட்டிப்போட்டவர். உள்ளுக்க இருந்த ஆரோ பயத்தில கத்தினதுதான் பிழையாப் போச்சு" என்றார் கண்டக்டர்.

ஐயோ என்றிருந்தது. தடவித் தடவி, பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கையைத் தேடினேன். ஏதோ துணியைச் சுற்றியிருந்தார். துணி நனைந்திருந்தது. அழுதுவிட்டேன். "மன்னிச்சிடச் சொல்லுங்க, நான் வேற என்னமோ நினைச்சிட்டேன்" என்றேன். கண்டக்டர் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பெண் தாழ்ந்த குரலில் ஏதோ பதில் சொன்னார்.

"நீங்கள் கடிச்ச உடனதான் அவவுக்கு வடிவா விளங்கினதாம், கையை எடுத்தா நீங்கள் கத்திப்போடுவீங்கள் எண்டு. அதுதான் எடுக்கேல்லையாம்."

கந்தளாய்க்கு முன்னால் ஏதோ ஒரு நிறுத்தத்தில், என் தலையைத் தடவிவிட்டு அவர் இறங்கிப்போனார். எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளை உருவம்தான்.

மறுநாள் லேசர் நன்றாக முடிந்தது. கண் பிழைத்தது. மறுபரிசோதனைக்குப் போய்வந்த நாட்களிலெல்லாம் அதே நேரத்துப் பஸ்ஸில் ஏறி, பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கை ஒன்றுகூட இல்லை. எங்கேயோ ஒரு பெண்ணின் உள்ளங்கையில் என் பல்தடம் இன்னும் இருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் வலியில் துடித்தும் என்னை விடாத அந்தக் கையைத்தான், முகம் தெரியாமலே, நான் சாமி கும்பிடும்போது கும்பிடுகிறேன்.