கயிற்றை அறுக்காத வெட்டு

ஹம்பேர்க் பழஞ்சாமான் சந்தையில் என் மருமகன் இரண்டு கல் அம்பு முனைகளோடு தடுமாறினார். வட அமெரிக்கச் சமவெளியினவாம்; ஒன்று போலியோ என்று பயம்.

"புத்தகத்தில ரெண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு, மாமா."

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், அம்புத்தண்டோடு சேர்த்துக் கட்டுவதற்காக முனையின் இரு பக்கமும் போட்ட வெட்டுகளைத் தடவினேன். ஈரவலை மணத்தோடு எங்கள் கடற்கரை வந்துவிட்டது.

பத்து வயதில், வலையைத் தாழ்த்த என் ஐயா கட்டும் கல்லில், கயிறு வழுக்காதிருக்கக் கூராக வெட்டுப்போட்டுக் கட்டினேன். கயிறு அறுந்து, வலை மிதந்து, அன்றைய மீன் முழுக்கப் போனது.

ஐயா சிரித்தார். "வலை அறுக்கிற மீனைக் கண்டிருக்கிறன், வலை அறுக்கிற கல்லை இண்டைக்குத்தான் காணுறன்! வெட்டைத் தேய்ச்சு மழுக்கடா."

அதன்பிறகு என் கட்டு ஒன்றும் அறுந்ததில்லை.

"வெட்டு மழுங்கினதை எடுங்கோ, தம்பி. மற்றது தண்டோட கட்டின மிருக நரம்பையே அறுக்கும்; உண்மையா அம்பு செய்தவன் அப்பிடி விடமாட்டான்."

என் விரலையே பார்த்திருந்த கடைக்காரன், மற்றதை மெல்ல எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்தான்.