அப்பா வரும்வரை பூ இல்லை

எனக்கு அம்மை போட்டிருந்த நாட்களில்தான் அப்பா துபாய்க்குப் போனார். வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். நானும் எங்கள் வில்லாபுரம் முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முழுப்பரீட்சை லீவுக்கு உசிலம்பட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். போன இடத்தில் உடம்பெல்லாம் கொப்புளம். வாசல் நிலையில் வேப்பிலை செருகி, பழைய வேட்டியை விரித்து என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். கப்பலூர் பக்கம் ஒரு மில்லுக்கு வயரிங் வேலைக்குப் போன அப்பாவை லாரி அடித்தது அந்த வாரத்தில்தான். அம்மை கண்ட வீட்டில் சாவுச் செய்தி சொல்லக் கூடாது, சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. பெரியம்மா மதுரைக்குப் போய்விட்டு வந்து பக்கத்து வீட்டிலேயே தங்கிக்கொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துப் பார்த்து அழுதார். நான் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று நினைத்து, "வலிக்கல பெரியம்மா, அரிக்கத்தான் செய்யுது" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி என்னை மதுரைக்குக் கூட்டிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா எங்கே என்று கேட்டேன். மாமா, அம்மாவின் தம்பி, சட்டென்று சொன்னார். அப்பா துபாய்க்குப் போயிருக்கிறார், அங்கே ஊரையே புதிதாகக் கட்டுகிறார்கள், வயரிங் பண்ண ஆள் பற்றவில்லையாம். தண்ணீர் ஊற்றின பிள்ளை, உடம்பு தேறட்டும் என்று ஒரு வாரத்துக்காகச் சொன்ன பொய். அதைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. தலையில் பூ இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளை கேட்காமல் இருக்குமா? கேட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேண்டுதல்டி. அப்பா நல்லபடியா வர்ற வரைக்கும் பூ, பொட்டு, நகை ஒண்ணும் கிடையாதுன்னு மீனாட்சிகிட்ட வேண்டியிருக்கேன்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அப்பாவுக்காக அம்மா மட்டும் வேண்டிக்கொண்டால் எப்படி? மறுநாள் காலையில் தலை சீவிப் பொட்டு வைத்துவிட்டதும் நேராகக் கண்ணாடிக்குப் போய்ப் பொட்டை அழித்தேன். சடையில் இருந்த கனகாம்பரத்தையும் உருவிப் போட்டேன். "நானும் வேண்டியிருக்கேன்" என்றேன். அம்மா என்னை அறைந்தாள். அதுவரைக்கும் அவள் என்மேல் கை வைத்ததில்லை. அறைந்த கையோடு என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியது. ஆனாலும் நான் விடவில்லை. வீட்டில் பொட்டு வைத்துவிடுவாள், தெருமுனை தாண்டியதும் அழித்துவிடுவேன்.

எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் அவனியாபுரம் பக்கம் இறங்கும். அப்பா பிளேனில்தான் வரவேண்டும் என்று மாமா சொல்லியிருந்ததால், சத்தம் கேட்டதும் சாப்பிட்ட கையோடு மொட்டைமாடிக்கு ஓடுவேன். அவை மெட்ராஸிலிருந்து வருகிறவை என்று எனக்கு யார் சொல்வார்கள்? வயிற்றுப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு தாழப் பறந்து போகும் ஒவ்வொன்றுக்கும் கை காட்டினேன். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது கரண்ட் பார்க்கிற டெஸ்டரை என் மூக்கு நுனியில் வைத்து, "லைன் இருக்கு, லைன் இருக்கு" என்பார். விரலில் இன்சுலேஷன் டேப் வாசனை அடிக்கும். கறுப்புச் சுருள் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மாடி ஏறுவேன். அப்படி ஓர் ஆசையோடு நான் பிறகு எதற்கும் காத்திருந்ததில்லை, யாருக்காகவும் இல்லை.

மாமாவின் பாடுதான் பெரும்பாடு. டவுன்ஹால் ரோட்டில் வாசனை ரப்பரும் கலர் பேனாவும் வாங்கி, அப்பா அனுப்பினது என்று கொண்டுவருவார். அவர் புதிதாக வாங்கின செல்போனை நான் எடுத்து நீட்டி அப்பாகிட்டப் பேசணும் என்று கேட்டால், நாலு தடவை நம்பரை அழுத்திவிட்டு, "பாலைவனம்ல, டவர் கிடைக்கல பாப்பா" என்பார். கடைசியில் என் நச்சரிப்புத் தாங்காமல், "தீபாவளிக்கு வந்துருவாரு, போதுமா?" என்று சொல்லிவிட்டார். போதும். நான் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அது சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். தாய் தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் மதுரைப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்கு வந்து, இங்கே பள்ளிக்கூடங்களில் சேர்ந்திருந்தார்கள். அந்த மாதிரிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, எப்படிப் பழகுவது என்று ஆசிரியர்களுக்குப் பசுமலையில் ஒரு வாரம் பயிற்சி நடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படிப் பிள்ளைகள் யாரும் இல்லை. இருந்தாலும் ஒருத்தரை அனுப்பியாக வேண்டுமே என்று எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சரை அனுப்பினார்கள்.

அந்த டீச்சர் லேசுப்பட்டவர் இல்லை. மர ஸ்கேலைப் பக்கவாட்டில் திருப்பி விரல் முட்டியில் போடுவார். அப்படிப்பட்டவர் பசுமலைக்குப் போய்விட்டு ஸ்கேல் இல்லாமல் வந்தார். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். "இன்னைக்கு உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார். எங்களுக்கு வெலவெலத்துவிட்டது. இது ஏதோ பெரிய அடிக்கு முன்னால் வருகிற அமைதி என்று நினைத்து, "நல்லாருக்கோம் டீச்சர்" என்று ராகம் போட்டோம். மனதில் இருப்பதை வரையச் சொன்னார். வகுப்பு மொத்தமும் ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னைமரம் வரைந்து நீட்டியது. டீச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாவமாக இருந்தது.

நான் பிளேன் வரைந்திருந்தேன். ஜன்னலில் மீசையோடு ஒரு முகம். டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இது யார், எப்போது வருகிறார், நீ ஏன் பொட்டு வைக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டார். நான் அப்பாவைச் சொன்னேன், தீபாவளியைச் சொன்னேன், அம்மாவின் வேண்டுதலையும் என் வேண்டுதலையும் சொன்னேன். மற்றவர்களைப் போல டீச்சருக்கும் விஷயம் தெரியும். ஆனால் இந்த வேண்டுதல் தெரியாது.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். துணி காய்ந்துவிட்டதா பார் என்று என்னை மாடிக்கு விரட்டினார்கள். கீழே நடந்தது அம்மா பிற்பாடு சொன்னதுதான்.

மாமா குதித்தாராம். "நீங்க வாய்ப்பாடு சொல்லிக்குடுங்க டீச்சர், அது போதும். பச்சப்புள்ளகிட்ட இதப் போயி சொல்லச் சொல்றீங்களே, ஈவு இரக்கம் வேணாமா?"

"தீபாவளி அன்னைக்கு அது வாசல்ல உக்காந்திருக்கும் சார். அவர் வரலேன்னா, மாமா பொய் சொல்லிட்டாருன்னு நெனைக்காது. அப்பாவுக்கு நம்ம மேல ஆசை இல்லன்னுதான் நெனைக்கும்."

அம்மாதான், "நீங்களே சொல்லிருங்க டீச்சர், எனக்கு வாய் வராது" என்று கெஞ்சினாளாம். அம்மா வாயால் கேட்டால்தான் பிள்ளை நம்பும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சாமிகிட்டப் போயிட்டார், ஊருக்குப் போயிட்டார் என்றெல்லாம் சொல்லக் கூடாது, போனவர் திரும்பி வருவார் என்று பிள்ளை காத்திருக்கும், உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்றும் சொன்னாராம்.

துணியை அள்ளிக்கொண்டு நான் இறங்கி வந்தேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் என்னை அம்மாவுக்கு முன்னால் உட்காரச் சொன்னார். "அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லப்போறாங்க. அப்புறம் நீ என்ன வேணா கேளு. எதையும் ஒளிக்காம பதில் சொல்லுவோம்" என்றார்.

"அப்பா வரமாட்டாருடி" என்றாள் அம்மா.

"தீபாவளிக்கா? அப்பப் பொங்கலுக்கு?"

அம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா செத்துப்போயிட்டாருடி தங்கம்."

மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அப்பாவுக்கு வலித்ததா என்று கேட்டேன். இல்லை, உடனே உயிர் போய்விட்டது என்றார்கள். என்னைக் கேட்டாரா என்றேன். காலையில் கிளம்பும்போது, புள்ளைக்கு அரிப்பு அடங்கியிருக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் போனார் என்றாள் அம்மா. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழாதே என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் மடியில் விழுந்து தொண்டை கட்டும்வரை அழுதேன். அப்பா வேணும், அப்பா வேணும் என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. இந்த வயதிலும் சில நாள் அதைத்தவிர வேறொன்றும் எனக்குச் சொல்லத் தோன்றுவதில்லை.

அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, டீச்சர் கொடுத்த தண்ணீரைக் குடித்த பிறகு, அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. அப்பா வரவே மாட்டார் என்றால் இன்னும் எதற்கு இது?

"அப்ப வேண்டுதல் முடிஞ்சிருச்சாம்மா? இனிமே நீ பூ வச்சுக்கலாம்ல?"

நான் கொண்டுவந்த துணியை அம்மா மடிக்க ஆரம்பித்தாள். நான் டீச்சர் பக்கம் திரும்பினேன். என்ன கேட்டாலும் ஒளிக்காமல் சொல்வோம் என்றவர் அவர்தானே. டீச்சருக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பசுமலையில் இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் போல.

இவர்களிடம் கேட்டுப் புண்ணியமில்லை என்று நானே போய்ச் சீப்பை எடுத்துவந்தேன். அம்மாவின் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துச் சீவினேன். டீச்சர் தலையில் நெருக்கமாகக் கட்டின மல்லிகை இருந்தது.

"டீச்சர், எங்கம்மாவுக்கு ஒரு இணுக்குப் பூ தாங்க."

டீச்சரின் கை தலைக்குப் போனது, பூவைத் தொட்டது, அப்படியே நின்றுவிட்டது. அம்மா குனிந்த தலையோடு அசையாமல் இருந்தாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. நான் கையை நீட்டியபடியே காத்திருந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இம்புட்டு நேரம் எங்கள் கூடவே உட்கார்ந்து அழுத டீச்சர், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஒரு இணுக்குக் கிள்ளிக் கொடுக்க இம்புட்டுக் கஞ்சத்தனம் பண்ணுகிறாரே!