கப்பலில் வந்த நீலக் கண்

"என்னங்க, புள்ள கண்ணு பூனக்கண்ணு மாதிரி மின்னுது, வந்து பாருங்க," என்று என் மனைவி கூப்பிட்டாள். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மகள் ஜுலைகாவின் இடது கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது. அவளுக்கு அப்போது மூன்று வயது. பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

புதுச்சேரியில் எங்கள் தெருவில் அதைப் பூ விழுந்தது என்றார்கள். சத்துக் குறைந்தால் பிள்ளைகளுக்குக் கண் கெடும் என்பது ஊரறிந்த சேதி. அதற்காகத்தானே வெளிநாட்டிலிருந்து கப்பலில் பால்மாவு வந்தது! துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தினமும் தூக்குச்சட்டியோடு பால் வரிசையில் நின்றேன். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணுக்குச் சுருமாவும் இட்டோம். பிள்ளை கொழுகொழுவென்று ஆனாள். மின்னல் மட்டும் போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருட்டறையில் வைத்துப் பார்த்தார். ரெட்டினோபிளாஸ்டோமா (குழந்தைகளின் விழித்திரையில் வளரும் புற்று) என்றார்.

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல பாய். கண்ண எடுத்தாத்தான் புள்ள பொழைக்கும்."

"பாலு அனுப்புறவங்க இதுக்கு மருந்து அனுப்பலியா?"

"இதுக்கு ஒண்ணும் வரல."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பால் வரிசைமேல் ஆத்திரம்தான் வந்தது. சம்மதம் சொன்னேன்.

புண் ஆறிய பிறகு நர்ஸம்மா ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். வெளிநாட்டவர்கள் தர்மமாக அனுப்பிய கண்ணாடிக் கண்கள். அத்தனையும் நீலம்.

"கறுப்பே இல்லியாம்மா?"

"அவங்க ஊருப் புள்ளைங்களுக்குச் செஞ்சது பாய்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் குழியைச் சும்மா விட்டால் முகம் கோணிவிடும் என்றார்கள். வாங்கிக்கொண்டேன். நன்றியும் சொன்னேன்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று: கண்மணி மின்னினால் யார் சொல்வதையும் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மற்றக் கண்ணிலும் வரலாம் என்று டாக்டரம்மா எச்சரித்திருக்கிறார். அதனால் விடியற்காலை பஜ்ரு தொழுகை முடிந்து, டார்ச் அடித்து அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. அடுத்த வருடம் என்ற பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை. துணி அளக்கும்போதுகூட என் கண் இரண்டும் எனக்குக் கனக்கின்றன.

நேற்றுக் காலை, வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டே ஜுலைகா கேட்டாள்: "அத்தா, எனக்குக் கண்ணு குடுத்த புள்ளைக்கு இப்ப ஒரு கண்ணுதானே இருக்கும்?"

"அது யாரு கண்ணும் இல்லம்மா, கண்ணாடி."

அவள் நம்பவில்லை. "அவ அத்தாவும் தெனமும் டார்ச் அடிச்சுப் பாப்பாரா?"

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

"பாப்பாரும்மா," என்றேன். "நல்லாத் தொற."